பெரியம்மா மேசையில் மட்டும்

எங்கள் ஆபீசில் மூன்று போன். மூன்றும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே கறுப்பு, இன்டர்நெட் வயரில் ஓடுகிறவை. என் மேசையில் இருப்பது ஒழுங்காக வேலை செய்யும். என் வீட்டுக்காரர் அறையில் இருப்பதும் செய்யும். என் மாமியார் மேசையில் இருப்பது மட்டும் பேசிக்கொண்டிருக்கும்போதே செத்துப்போகும். திரையில் நேரம் காட்டும் எண்கள் அப்படியே நின்றுவிடும். எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அசையாது. பிடுங்கி மாட்டினால் எழுந்து உட்காரும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே கூத்து.

மற்ற இடங்களில் போன் நின்றால் போனைத் திட்டுவார்கள். எங்கள் ஆபீசில் என்னைத் திட்டுவார்கள்.

"இவ இந்தப் பக்கம் வந்து நின்னா போதும், பொட்டுனு போயிடுது," என்றார் மாமியார். அன்றைக்கு ஒரு பேக்கரிக்காரர் உதிரிபாகம் வாங்க வந்து கதவோரம் நின்றுகொண்டிருந்தார். ஸ்டோர் பார்க்கிற குண்டூசி அவருக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். ஆள் ஒல்லி, தலை மட்டும் பெரிசு, அதனால் வந்த பெயர் அது. இரண்டு பேர் காதிலும் விழட்டும் என்றே மாமியார் குரலை உயர்த்தினார். "நான் இந்த நாற்காலியில உக்காந்திருக்கிறது யாருக்கோ கண்ணை உறுத்துது. அதான் போன்ல கையை வைக்கிறாங்க."

எனக்கு வந்ததே கோபம். கையில் இருந்த ஃபைலை மேசை மேல் போட்டேன்.

"அத்தை, உங்க போனை நான் தொட்டே ரொம்ப நாளாச்சு."

"தொடாமலே பண்றதுக்கு உனக்குச் சொல்லியா தரணும்?"

பேக்கரிக்காரர் கூரையைப் பார்த்தார். குண்டூசி தலை நிமிராமல் நூலைப் பல்லால் கடித்தார். அந்தப் போனைச் சரி பண்ணாமல் விடுவதில்லை என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். மாமியார் மேல் பாசம் பொங்கி அல்ல. செய்யாத காரியத்துக்கு ஊரார் முன்னால் பேச்சு வாங்க எனக்கு என்ன தலையெழுத்தா?

எங்கள் தொழில் குளிர்பெட்டி ரிப்பேர். கறிக்கடை, பூக்கடை, மருந்துக்கடை, பேக்கரி, எங்கே குளிர்பெட்டி நின்றாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். மாமனார் இருந்தவரை அவர் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார், மாமியார் போனோடு உட்காருவார். உட்கார்ந்து பெயரும் விலாசமும் எழுதிக்கொள்வதோடு விடமாட்டார். "போனை மெஷின்கிட்ட கொண்டுபோய் வைப்பா," என்பார். கண்ணை மூடிக்கொண்டு அது உறுமுவதைக் கேட்பார். கேட்டுவிட்டு, போனது கம்ப்ரசரா, விசிறியா, வெறும் கதவு ரப்பரா என்று சொல்லிவிடுவார். அதற்கேற்ற சாமானோடு ஆள் போவார். முக்கால்வாசி சரியாகத்தான் இருக்கும். மீதிக்கு வாய் இருக்கிறதே, அதை வைத்துச் சமாளித்துக்கொள்வார். வாடிக்கைக்காரர்கள் எல்லாருக்கும் அவர் பெரியம்மா.

மாமனார் போனபின் தொழில் என் வீட்டுக்காரர் கைக்கு வந்தது. பட்டறை, வண்டி, ஆட்கள் எல்லாவற்றையும் அவர் மாற்றினார். மாமியாருக்கு மிஞ்சியது வாசல் பக்கத்து மேசையும் அதன் மேலிருக்கும் போனும்தான். காலையில் எங்களுக்கு முன்னால் கிளம்பி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அந்தப் போன் இல்லையென்றால் அவர் ஆபீசுக்கு வருவதற்கு வேறு காரணம் கிடையாது. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

இந்தப் புதுப் போன்கள் வந்த புதிதில் கறிக்கடை விவகாரம் நடந்தது. கடைத்தெருவிலேயே பெரிய கறிக்கடை அது. குளிர் அறை சரியில்லை என்று சாயங்காலம் கூப்பிட்டார்கள். மாமியார் வழக்கம்போலப் போனை மெஷின்கிட்ட வைக்கச் சொல்லிக் கேட்டார். "சத்தம் ஒண்ணுமே தப்பா இல்லையே. கதவு ரப்பர்தான் போயிருக்கும், காலையில ஆள் வருவாங்க," என்று சொல்லிவிட்டார். உண்மையில் கம்ப்ரசர் கடைசி மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. விடிவதற்குள் உள்ளே தொங்கியது எல்லாம் நாறிப்போனது. கறிக்கடைக்காரர் நேரே வந்து வாசலில் நின்று கத்தினார். என் வீட்டுக்காரர் குனிந்த தலை நிமிரவில்லை. மாமியார் மட்டும், "எனக்கு ஒண்ணும் கேக்கலையே, எனக்கு ஒண்ணும் கேக்கலையே," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பெரியம்மாவுக்குக் காது போய்விட்டது என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சானது. அவரே நம்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்க ஆரம்பித்தார். போன் நின்றுபோகிற கூத்து அதற்குப் பிறகுதான் தொடங்கியது. இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பார்க்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

போனைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் குளிர்பெட்டிக் கம்பெனியில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்கு ஒரு வழி தெரியும். சந்தேகமான சாமானை நல்ல இடத்தில் மாட்டிப் பார்க்க வேண்டும், நல்ல சாமானைச் சந்தேகமான இடத்தில் மாட்டிப் பார்க்க வேண்டும். முதலில் கரண்ட் அடாப்டரை மாற்றினேன். நின்றது. மேசையிலிருந்து சுவர் வரைக்கும் போகிற வயரை மாற்றினேன். அப்பவும் நின்றது. குண்டூசி எட்டிப் பார்த்து, "ஐஸ் கட்டிடுச்சு போல மேடம், கொஞ்ச நேரம் திறந்து வச்சா உருகிடும்," என்றார். நான் பார்த்த பார்வையில் ஸ்டோருக்குள் ஓடிவிட்டார்.

அப்புறம் போனையே மாற்றினேன். அவர் போன் என் மேசைக்கு, என் போன் அவர் மேசைக்கு.

"என் போனை எங்க தூக்கிட்டுப் போற?"

"சரி பண்ணத்தான் அத்தை."

"சரி பண்றாளாம்," என்றார் சுவரைப் பார்த்து.

அவருடைய போன் என் மேசையில் நல்ல பிள்ளையாக நாள் முழுக்க வேலை செய்தது. என்னுடைய போன் அவர் மேசையில் மத்தியானத்துக்குள் நின்றுபோனது. ஆக, போன் மேல் குற்றமில்லை. இடத்தில்தான் ஏதோ இருக்கிறது. இதையெல்லாம் மாட்டிக் கொடுத்த வயர்காரரைக் கூப்பிட்டேன்.

"அந்த இடம் அப்படித்தான் மேடம். சிக்னல் சரியா வராது," என்றார்.

"வயர்ல வர்றதுக்கு என்னய்யா சிக்னல்?"

"நீங்க எதுக்கும் சார்கிட்ட ஒரு வார்த்தை பேசிடுங்களேன்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஸ்டோருக்குள் போனேன். கேஸ் சிலிண்டர்களுக்குப் பின்னால் சுவரில் ஒரு பெட்டி, அதில் வரிசையாகப் பச்சை விளக்குகள், எல்லா மேசை வயரும் வந்து அதில்தான் குத்தியிருக்கிறது. குண்டூசி டார்ச் பிடிக்க, மாமியாருடைய வயரைத் தேடிப் பிடுங்கி, பக்கத்தில் சும்மா இருந்த ஓட்டையில் சொருகினேன். சாயங்காலம் வரைக்கும் போன் நிற்கவே இல்லை.

வீட்டில் சாப்பிடும்போது மாமியார் மகனிடம் சொன்னார். "டேய், போன் சரியாயிடுச்சுடா. ஒரு தடவைகூட நிக்கல." யார் சரி பண்ணியது என்று மட்டும் சொல்லவில்லை. என் பெயரைச் சொன்னால் வாய் வெந்துவிடுமா என்ன? நான் அந்தக் கடுப்பில் இருந்தேன். என் வீட்டுக்காரர் முகம் மாறியதைக் கவனிக்கவில்லை. "அப்படியாம்மா, நல்லது," என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலையில் போன் மறுபடியும் நின்றுபோனது.

அதே வாரம் எங்கள் தெருவிலேயே பெயின்ட் கடையில் வயர்காரர் ஏணி போட்டு ஏறி நிற்பதைப் பார்த்தேன். விடுவேனா? போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவர் இறங்கவும் முடியாமல் ஏறவும் முடியாமல் திருதிருவென்று முழித்தார்.

"பெரியம்மா போனுக்கு என்ன பண்ணி வச்சிருக்க? உண்மையைச் சொல்லு. இல்லேன்னா அவங்களையே கூட்டிட்டு வந்து கேக்கச் சொல்றேன்."

"மேடம், என்னை ஏன் மாட்டி விடுறீங்க? சார்தான் சொன்னாரு. பெரியம்மா போன் மட்டும் அப்பப்ப கட் ஆகணும், யார்கிட்டயும் முழுசா பேசி முடிக்கக் கூடாதுன்னாரு. அந்தப் பெட்டியை நான் என் செல்லுலருந்தே செட் பண்ணிடுவேன். அன்னைக்கு நீங்க வேற ஓட்டையில மாத்திட்டீங்க. சார் கூப்பிட்டு அதையும் கட் பண்ணச் சொல்லிட்டாரு."

பிடித்த பிடியிலேயே ஒரு உலுக்கு உலுக்கினேன். ஏணி ஆடியது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்காம்?"

"கறிக்கடை மேட்டருக்கு அப்புறம்தான். அம்மாவுக்குக் காது கேக்கலை, இனிமே போன் பேச விடக் கூடாதுன்னாரு. நான் அப்பவே சொன்னேன் மேடம், காது இல்ல சார், போன்தான்னு. இந்தப் போனு மனுஷக் குரலை மட்டும்தான் விடும். பின்னாடி ஓடுற விசிறி, மெஷின் சத்தமெல்லாம் இரைச்சல்னு வடிகட்டிடும். மெஷின்கிட்ட கொண்டுபோய் வச்சா யார் கேட்டாலும் ஒண்ணும் கேக்காது."

"அதை நிறுத்த முடியாதா?"

"ஒரு நிமிஷ வேலை. சார்தான் வேணாம்னுட்டாரு."

ஏணியை விட்டுவிட்டு நேரே ஆபீசுக்குப் போனேன். வாசல் மேசையில் மாமியார் வயரைப் பிடுங்கி ஊதிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் அறைக்குக் கண்ணாடிக் கதவு. அதைச் சாத்திவிட்டு நின்றேன்.

"அத்தை போனை நிறுத்தச் சொன்னது நீங்கதானா?"

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "யார் சொன்னா?" என்றார்.

"யார் சொன்னா என்ன? ஆமாவா இல்லையா?"

"மெதுவா பேசு. அம்மா காதுல விழும்."

"அவங்களுக்குத்தான் காது கேக்காதுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கீங்களே."

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "நான் என்ன பண்ணணும்ங்கற? வீட்டுல இருங்கம்மான்னு சொல்ல முடியுமா? சொன்னா விடுவாங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம கஸ்டமருக்கு வாக்குக் குடுத்துடறாங்க. இன்னும் சத்தம் கேட்டு வைத்தியம் பாக்கறாங்க. எல்லாரும் போட்டோ எடுத்து அனுப்பற காலம் இது. ரெண்டு தடவை பேச்சு பாதியில நின்னா அவங்களே என் செல்லுக்கு வந்துடறாங்க. யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல."

"யாருக்கும் இல்லையா? எல்லார் முன்னாலயும் நான் போன்ல கை வைக்கறேங்கறாங்க. நீங்க இங்க உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"அம்மா பேசறதையெல்லாம் நீ ஏன் பெருசா எடுத்துக்கற?"

அந்த முகத்தைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. பெற்ற தாயிடம் நேரே நின்று சண்டை போட்டிருந்தால்கூட மதித்திருப்பேன். இவர் அம்மாவுக்குக் காது போய்விட்டது என்று அம்மாவையே நம்ப வைத்திருக்கிறார். பழி என் மேல் விழுந்ததையும் ஒரு வசதியாக வைத்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னைக்கே சரி பண்ணச் சொல்லுங்க. அந்த வடிகட்டறதையும் எடுக்கச் சொல்லுங்க. இல்லேன்னா நானே போய் அத்தைகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவேன்."

"சரி. பண்ணிடலாம்," என்றார் சட்டென்று. "ஆனா அப்புறம் என்கிட்ட வந்து நிக்காத."

வீம்புக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மாமியாரிடம் போய், வயர்காரர் ஏதோ தப்பாகச் செட் பண்ணிவிட்டார், இப்போது சரியாகிவிட்டது என்றேன். மகன் பெயரை எடுக்கவில்லை. நானும் பூசி மெழுகத்தான் செய்தேன். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"உங்க காதுல ஒண்ணும் இல்ல அத்தை. இந்தப் போன்தான் மெஷின் சத்தத்தையெல்லாம் வடிகட்டி விட்டிருக்கு. கறிக்கடை விஷயத்துல உங்க மேல தப்பே கிடையாது."

அவர் போனைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது யாருக்குமே தெரியாதா?"

"வயர்காரருக்குத் தெரியும்."

"அவன் யார்கிட்டயும் சொல்லலையா?"

நான் மேசையில் கிடந்த வயரைச் சுற்றி வைத்தேன். அவர் திரும்பிக் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். உள்ளே மகன் செல்லில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். மாமியார் எழுந்தார். மேசையைத் துணியால் துடைத்தார், போனை நேராக வைத்தார், உட்கார்ந்தார்.

போன் நிற்கவே இல்லை. அடிக்கவும் இல்லை.

இந்த மாதங்களில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரும் என் வீட்டுக்காரர் செல்லுக்குப் போய்விட்டார்கள். புதிதாக அச்சடித்த அட்டையில் இந்த நம்பர் கிடையாது. வண்டியில் எழுதியிருந்ததையும் அழித்தாயிற்று. போன் நின்றுகொண்டிருந்தவரை, "இந்நேரம் எத்தனை பேர் கூப்பிட்டுப் பாத்தாங்களோ," என்று மாமியார் புலம்பிக்கொண்டிருப்பார். புலம்பவாவது வழி இருந்தது. இப்போது திரையில் நேரம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். உள்ளறையில் மகனுடைய செல் அடிக்கும்போதெல்லாம் அவர் கை தானாகப் போன் பக்கம் போய்விட்டுத் திரும்பும். எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே முடியவில்லை.

ஒரு நாள் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். யாரோ இன்சூரன்ஸ் விற்கிறவர். "குளிர்பெட்டி ஏதாவது வச்சிருக்கீங்களா தம்பி?" என்று மாமியார் கேட்டது என் மேசை வரைக்கும் கேட்டது. அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள் போல. அவர் ரிசீவரைக் காதிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

குண்டூசிக்கு மனசு கேட்கவில்லை. வெளியே போய்ப் பெயின்ட் கடையில் நின்றுகொண்டு, குரலைக் கட்டையாக்கி, "பெரியம்மாங்களா? எங்க கடைப் பெட்டி ஒரு மாதிரி சத்தம் போடுதுங்க," என்று செல்லில் கூப்பிட்டிருக்கிறார்.

"குண்டூசி," என்றார் மாமியார், "உள்ள வந்து வேலையைப் பாரு."

அப்புறம் வந்து நிக்காதே என்று என் வீட்டுக்காரர் சொன்னது பலித்துவிட்டது. அதற்காகவே அவர் மேல் இன்னும் ஆத்திரம் வந்தது. வருகிற வழியையெல்லாம் அடைத்துவிட்டு, கடைசியில் கதவைத் திறந்துவிட்ட புண்ணியவான் அவர். திறக்கச் சொல்லி அடம் பிடித்தவள் நான்.

அடுத்த வாரம் ஒரு காலையில் மாமியார் என்னைக் கூப்பிட்டார்.

"போன் நின்னுடுச்சு."

எழுந்து போய்ப் பார்த்தேன். திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஓடுதே அத்தை."

"நின்னுடுச்சுன்னு சொல்றேன்ல."

கத்தவில்லை. வழக்கமாக என்னைத் திட்டுகிற குரலே அல்ல அது. கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பி, "டேய், கொஞ்சம் இங்க வா," என்றார். என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். மூன்று பேரும் மேசையைச் சுற்றி நின்று போனைப் பார்த்தோம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நிமிஷம் முடிந்து அடுத்த எண் வந்தது.

"போன் நின்னுடுச்சுடா," என்றார் மாமியார், மகன் முகத்தைப் பார்த்து.

அவர் போனைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். கூசாமல் சொன்னார். "ஆமாம்மா. நின்னுடுச்சு."

மாமியார் என் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

"ஆமா அத்தை," என்றேன். "நின்னுடுச்சு."

"அப்ப நான் இங்க உக்காந்து என்ன பண்ண," என்றபடி மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் தண்ணீர் பாட்டிலையும் கைப்பையில் போட்டுக்கொண்டார். நாற்காலியை மேசைக்குள் தள்ளினார். "சரியானதும் சொல்லி அனுப்புங்க, வர்றேன்." ஸ்டோர் வாசலில் நின்ற குண்டூசியிடமும் தலையசைத்தார். ஆட்டோ பிடித்துத் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, படியிறங்கித் தெருவில் நடந்தார்.

அவர் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் என் வீட்டுக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"நல்லவேளை. நம்ம வாயால சொல்ல வேண்டி வரல," என்றார்.

நம்ம என்றார். என்னையும் சேர்த்துத்தான். என்னைச் சேர்க்காதீர்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், நின்னுடுச்சு என்று சொன்னதும் அதே வாய்தான் என்று மூடிக்கொண்டேன்.